முதுகெலும்பில் வைக்கும் 3டி பிரிண்டிங் இம்ப்ளான்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பொறியியல் படிக்கும் மாணவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். டைட்டானியம் தூளை உருக்கி இம்ப்ளான்ட் செய்யும் இடத்தில் வேலை செய்பவன். அந்தப் பொருள் எப்படி உருவாகிறது, எங்கே பழுதாகலாம், எதை நம்பலாம் என்பவற்றை விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு அறுவை சிகிச்சை தேவையா என்பதை உங்களை நேரில் சோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

முதுகெலும்புக்குள் எதற்காக ஓர் உலோகத் துண்டை வைக்கிறார்கள்?

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் மெத்தைபோல் இருப்பதை மருத்துவர்கள் டிஸ்க் என்பார்கள். நாம் ஜவ்வு என்கிறோம். ஜவ்வு தேய்ந்து உயரம் குறைந்தாலும், ஒரு முள்ளெலும்பு நழுவி முன்னால் வந்தாலும், நரம்பு வெளியே வரும் வழி குறுகிவிடும். கால் மரத்துப்போவதும், கொஞ்ச தூரம் நடந்ததும் நிற்க வேண்டியிருப்பதும் அதனால் வரக்கூடும்.

மருந்து, உடற்பயிற்சி, ஓய்வு எதிலும் தீராத சிலருக்கு, கெட்டுப்போன ஜவ்வை எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளை ஒரே எலும்பாக வளரவிடும் சிகிச்சையைச் செய்கிறார்கள். ஜவ்வு இருந்த இடத்தில், உயரம் இறங்கிவிடாமல் தாங்குவதற்காக வைக்கும் சிறு கூண்டுதான் ‘கேஜ்’. பெரும்பாலும் பின்பக்கத்தில் திருகாணிகளும் தண்டுகளும் போட்டு அசையாமல் நிறுத்துவார்கள். 3டி பிரிண்டிங் அதிகமாகப் புழங்கும் இடம் இந்தக் கேஜ்தான். புற்றுநோயாலோ விபத்தாலோ ஒரு முள்ளெலும்பு முழுவதையும் எடுக்க நேர்ந்தால், அதன் இடத்தில் வைக்கும் பெரிய இம்ப்ளான்டையும் இப்போது இதே முறையில் செய்கிறார்கள்.

அப்படியானால் கேஜ்தான் இரண்டு எலும்பையும் ஒட்டவைக்கிறதா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தெளிந்துவிடும். ஒட்டவைப்பது உங்கள் எலும்பு. கேஜ் அதற்கு இடமும் நேரமும் தருகிறது.

இந்தக் கூண்டின் கதை குதிரைகளிடம் தொடங்குகிறது. கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துவதால் தள்ளாடும் நோய் சில குதிரைகளுக்கு வரும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜார்ஜ் பாக்பி, 1970களில், துளைகள் போட்ட ஒரு துருப்பிடிக்காத எஃகுக் கூடையைக் குதிரையின் கழுத்து எலும்புகளுக்கு நடுவே வைத்தார். எலும்பைக் குடையும்போது கிடைத்த சீவல்களையே அந்தக் கூடைக்குள் திணித்தார். துளைகள் வழியே எலும்பு வளர்ந்து இரு பக்கமும் சேர்ந்துகொண்டது. அந்த எண்ணம் மனிதர்களுக்கான டைட்டானியம் கேஜாக மாறி, 1996இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) அனுமதியைப் பெற்றது.

அன்று கூடையின் சுவரில் சில துளைகள் இருந்தன. இன்று சுவரே துளைகளால் ஆனது. 3டி பிரிண்டிங் கொண்டுவந்த மாற்றம் அதுதான்.

டைட்டானியத்தை எலும்பு ஏன் ஏற்றுக்கொள்கிறது?

காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். உடல் திரவங்கள் அதை எளிதில் அரிப்பதில்லை. எலும்புச் செல்களும் அதை வெறுப்பதில்லை. 1950களில் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகப் பொருத்திய டைட்டானியக் குழலைப் பிறகு கழற்ற முயன்றபோது, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 1965இல் அவர் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல் வேர்களைப் பொருத்தினார். முதுகெலும்பு இம்ப்ளான்ட் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

பழைய கேஜ்களில் என்ன குறை இருந்தது?

ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு குறைகள்.

கட்டியான டைட்டானியம் எலும்போடு நன்றாக ஒட்டும். ஆனால் மிகவும் விறைப்பானது. விறைப்பை அளக்கும் யங் குணகம் டைட்டானியக் கலவைக்கு ஏறக்குறைய 110 கிகா பாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு அது சுமார் 10 முதல் 20. உள்ளே பஞ்சுபோல் இருக்கும் எலும்புக்கு இன்னும் மிகக் குறைவு. இவ்வளவு விறைப்பான துண்டு மென்மையான எலும்பின் மேல் உட்கார்ந்தால், சுமை முழுவதையும் அதுவே தாங்கிக்கொள்ளும். சுமை படாத எலும்பு மெலியும். ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இலேயே இந்த விதியை எழுதிவைத்தார். மெலிந்த எலும்புக்குள் கேஜ் மெல்லப் புதையவும் கூடும்.

இன்னொன்று ‘பீக்’ என்னும் பிளாஸ்டிக். அதன் யங் குணகம் 4 கிகா பாஸ்கலை ஒட்டியது; அதனால் எலும்பின் மேல் அவ்வளவு கடுமையாக இராது. எக்ஸ்ரேயில் மறைக்காது என்பதால், எலும்பு வளர்கிறதா என்று மருத்துவர் உள்ளே பார்க்கவும் முடியும். ஆனால் வழவழப்பான பீக்கின் மேல் எலும்பு ஒட்டாது. கேஜுக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசு ஒரு படலமாக வந்து உட்கார்ந்துவிடலாம். பீக்கின் மேல் டைட்டானியம் பூசிப் பார்த்தார்கள். சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கும்போது பூச்சு உரிந்துவரக்கூடும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின.

ஒட்டும் தன்மையை விடாமல் விறைப்பை மட்டும் குறைக்க வழியுண்டா என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் 3டி பிரிண்டிங் இந்தத் துறைக்குள் வந்தது.

3டி பிரிண்டிங்கில் ஒரு கேஜ் எப்படி உருவாகிறது?

வழக்கமான பட்டறையில் ஒரு கட்டையை எடுத்து, வேண்டாததைக் கடைந்து நீக்குவார்கள். இங்கே நேர்மாறு: ஒன்றுமில்லாத தட்டில் தொடங்கி, அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகிறோம். அதனால்தான் தொழில்துறையில் இதைச் சேர்ப்பு முறை உற்பத்தி என்கிறார்கள்.

மூலப்பொருள், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியத் தூள். ஒவ்வொரு துகளும் உருண்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் தூள் நீர்போல் பரவும். தட்டின் மேல் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வரைபடத்தில் உலோகம் வர வேண்டிய இடத்தை மட்டும் உருக்குவோம். தட்டு ஓர் அடுக்கு கீழே இறங்கும். மறுபடி தூள், மறுபடி உருக்கு. இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகள். ஒரே தட்டில் பல கேஜ்களை நெருக்கமாக வைத்து ஒன்றாகச் செய்யலாம்.

உருக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. லேசர் இயந்திரத்தில் ஆர்கான் வாயு நிரப்பிய அறையில் வேலை நடக்கும். தூள் சாதாரணமாக 15 முதல் 45 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அடுக்கு 30 முதல் 60 மைக்ரான். நுணுக்கமான விளிம்புகள் கிடைக்கும். ஆனால் உலோகம் சட்டென்று உருகிச் சட்டென்று உறைவதால் உள்ளுக்குள் தகைவு, அதாவது வெளியே தெரியாத இழுவிசை, தேங்கிவிடும். தட்டோடு சேர்த்துச் சூடேற்றித் தணிக்காமல் வெட்டியெடுத்தால் துண்டு வளைந்துபோகும்.

எலக்ட்ரான் கற்றை இயந்திரம் வெற்றிடத்தில் இயங்கும். 1997இல் சுவீடனில் தொடங்கிய ஆர்காம் நிறுவனம் இதை வளர்த்தது. இங்கே தூள் படுகை முழுவதையும் 700 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக வைத்திருப்பதால் தகைவு குறைவு. ஆனால் உருகாத தூளும் லேசாக ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். துளைகளுக்குள் இருக்கும் அந்தக் கட்டியை உடைத்து வெளியே எடுப்பது தனி வேலை. இரண்டில் எது உயர்ந்தது என்று என்னிடம் கேட்டால், இயந்திரத்தைப் பார்க்காதீர்கள், அதை ஓட்டும் இடத்தின் ஒழுங்கைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

அந்த நுண்துளைகள் அலங்காரமா? ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

அலங்காரம் இல்லை. முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் விறைப்பு. டைட்டானியம் என்ற பொருளை யாராலும் மென்மையாக்க முடியாது. ஆனால் அதைப் பின்னல்போல் கட்டினால் அந்தக் கட்டமைப்பு நெகிழும். கம்பிகள் வளைந்து நெகிழும் வகைப் பின்னல்களில், விறைப்பு ஏறக்குறைய அடர்த்தியின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது. 70 சதவீதம் வெற்றிடம், 30 சதவீதம் உலோகம் என்று வைத்துக்கொள்வோம். 0.3ஐ 0.3ஆல் பெருக்கினால் 0.09. 110 கிகா பாஸ்கலில் 9 சதவீதம் என்பது 10 கிகா பாஸ்கல். வேறு உலோகம் தேடாமல், வெறும் காலி இடத்தைச் சேர்த்தே எலும்பின் பக்கத்தில் வந்துவிட்டோம். முதன்முறை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. பின்னலின் வடிவத்தையும் கம்பியின் தடிமனையும் மாற்றி இன்னும் கீழே இறக்கவும் முடியும்.

அடுத்தது துளையின் அளவு. எலும்பு உள்ளே வர வேண்டுமென்றால் முதலில் ரத்தக் குழாய் உள்ளே வர வேண்டும். 100 மைக்ரானுக்குக் கீழே துளை இருந்தால் அது சிரமம். 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் புது எலும்பும் நுண்குழாய்களும் நன்றாக நுழைகின்றன. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் செல்கள் பற்றிப் படர்வதற்கான பரப்பு குறையும், பின்னலும் பலவீனமாகும். அதனால் பெரும்பாலும் 300 முதல் 800 மைக்ரானுக்குள் வடிவமைக்கிறார்கள். துளைகள் ஒன்றோடொன்று வழி திறந்து இணைந்திருக்க வேண்டும். முட்டுச்சந்து போன்ற துளையால் பயனில்லை.

மூன்றாவது, மேற்பரப்பு. பின்னலின் ஒவ்வொரு கம்பியும் நுண்ணோக்கியில் சொரசொரப்பாகத் தெரியும். எலும்பை உருவாக்கும் செல்கள் வழவழப்பான பரப்பைவிட இப்படிப்பட்ட பரப்பில் நன்றாகப் பற்றி, முதிர்ந்து, எலும்பை இடுகின்றன. தவிர, சொரசொரப்பான மேல் கீழ்ப் பக்கங்கள் அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாளிலிருந்தே எலும்பைப் பற்றி நிற்பதால் கேஜ் நழுவும் ஆபத்தும் குறைகிறது.

ஆனால் இதே சொரசொரப்புதான் பொறியாளனுக்குத் தலைவலி. மேற்பரப்பின் ஒவ்வொரு சிறு பள்ளமும் விரிசல் தொடங்கக்கூடிய இடம். எலும்புக்குப் பிடித்தது உலோகத்தின் ஆயுளுக்குப் பிடிக்காது. இரண்டையும் ஒரே துண்டில் சமாதானப்படுத்துவதுதான் வடிவமைப்பு: சுமை ஓடும் விளிம்புகளைக் கட்டியாகவும், எலும்பைத் தொடும் பக்கங்களைத் துளையாகவும் வைப்பார்கள்.

துளைகளின் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

சிலர் வைரத்தின் அணு அமைப்பைப் போன்ற ஒழுங்கான பின்னலை எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கணினியை வைத்து, பஞ்சு எலும்பைப் போல ஒழுங்கில்லாத பின்னலை உருவாக்குகிறார்கள். பாலத்தின் தாங்குசட்டம் போன்ற வடிவங்களும் உண்டு. அண்மைக்காலமாகப் பலரைக் கவர்ந்திருப்பது ஜைராய்டு என்னும் வளைபரப்பு. அதை 1970இல் நாசாவில் வேலை செய்த ஆலன் ஷோன் விவரித்தார். அதில் கூர்மையான முனையோ சந்திப்போ இல்லை, எல்லாம் வளைவு. கூர்முனை இல்லாததால் தகைவு ஓரிடத்தில் குவிவதில்லை. கடைசல் இயந்திரத்தால் இந்த வடிவத்தைக் குடைந்தெடுக்கவே முடியாது.

எனக்கு வைக்கப்போகும் கேஜ் என் உடலுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டதா?

பெரும்பாலும் இல்லை. 3டி பிரிண்டிங் என்றதும் எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். இன்று விற்பனையில் இருக்கும் பிரிண்ட் செய்த கேஜ்களில் பெரும்பகுதி, செருப்புக் கடை அளவுகளைப் போல, உயரமும் அகலமும் சாய்வுக் கோணமும் வரிசையாக வரும் ஆயத்த வகைகளே. மருத்துவர் அறுவை சிகிச்சை நேரத்தில் அளவு பார்த்துப் பொருத்தமானதை எடுப்பார். அதில் குறை ஒன்றுமில்லை. பிரிண்டிங்கின் நன்மை நுண்துளைப் பின்னலில் இருக்கிறது. அது ஆயத்த அளவிலும் முழுமையாகக் கிடைக்கும்.

தனியாக அளவெடுப்பதன் அருமை தெரிவது, அலமாரியில் எந்த அளவும் பொருந்தாதபோதுதான். 2014இல் பெய்ஜிங்கில், பீக்கிங் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மருத்துவமனையில், 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரண்டாவது கழுத்து முள்ளெலும்பில் புற்றுநோய். லியூ ஷோங்ஜுன் தலைமையிலான குழு அந்த எலும்பை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் டைட்டானியத் தூளில் பிரிண்ட் செய்த முள்ளெலும்பை வைத்தது. தலை திரும்புவதற்கு அச்சாக இருக்கும் எலும்பு அது. வேறு வழி என்றால் நேரான வலைக்குழாய் ஒன்றை அங்கே நிறுத்தி, அது நழுவாமல் இருக்கத் தலையை வெளிச்சட்டத்தில் நீண்ட காலம் பூட்டிவைக்க வேண்டியிருக்கும். அடுத்து 2015இன் கடைசியில் சிட்னியில் ரால்ஃப் மாப்ஸ், கழுத்தின் உச்சியில் இருந்த முதல் இரண்டு முள்ளெலும்புகளில் கட்டி வந்த ஒருவருக்கு, அவருடைய ஸ்கேனை வைத்தே செய்த இம்ப்ளான்டைப் பொருத்தினார். அறுவை சிகிச்சை 15 மணி நேரம் நடந்தது.

முதுகு வளைந்துபோன பெரியவர்களுக்கும் இது பயன்படத் தொடங்கியிருக்கிறது. முதுகின் இயல்பான வளைவைத் திரும்பக் கொண்டுவர ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை டிகிரி சாய்வு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தச் சாய்வோடு கேஜ்களைச் செய்கிறார்கள். ஒரு மட்டத்தில் சாதாரண ஜவ்வுத் தேய்மானம் என்றால், தனி அளவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

தனி அளவில் செய்வதென்றால் என்னென்ன வேலைகள் நடக்கும்?

மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து தொடங்கும். அதில் எலும்பை மட்டும் பிரித்தெடுத்து முப்பரிமாண வடிவமாக்குவார் ஒரு பொறியாளர். எதை வெட்டுவது, எது மிஞ்சும், திருகாணி எந்தக் கோணத்தில் போகும், ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதை அறுவை மருத்துவர் சொல்வார். வரைபடம் இருவருக்கும் இடையே பலமுறை போய்வரும். பிறகு பிரிண்ட், சூடேற்றல், சுத்திகரிப்பு, சோதனை, கிருமிநீக்கம். நாட்களில் முடியாது, வாரங்கள் ஆகும். வேகமாக வளரும் கட்டிக்கு இந்தக் காத்திருப்பே ஆபத்தாகிவிடலாம். ஸ்கேன் எடுத்த நாளில் இருந்த கட்டியின் எல்லை, அறுவை நாளில் மாறியிருக்கலாம். அப்போது அருமையாகச் செய்த இம்ப்ளான்டே பொருந்தாமல் போகும். அதனால் மாற்று ஏற்பாடு ஒன்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருப்பது நல்ல குழுக்களின் வழக்கம்.

இயந்திரத்திலிருந்து எடுத்ததும் நேராக உடலில் வைத்துவிடலாமா?

கூடவே கூடாது. பிரிண்ட் முடியும்போது எங்கள் வேலையில் பாதிகூட முடிந்திருக்காது.

தட்டிலிருந்து மின்பொறிக் கம்பியால் அறுத்தெடுக்க வேண்டும். பிரிண்ட் செய்யும்போது துண்டைத் தாங்கிப் பிடித்த தாங்குகால்களை நீக்க வேண்டும். பல இடங்களில் 900 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில், 100 மெகா பாஸ்கல் வாயு அழுத்தத்தில் சில மணி நேரம் வைத்து, உலோகத்துக்குள் சிக்கிய நுண் வெற்றிடங்களை அமுக்கி மூடுவார்கள். திருகாணி போகும் துளை, கருவி பிடிக்கும் இடம் ஆகியவற்றைக் கடைந்து நேராக்க வேண்டும்.

இவற்றைவிட என்னை வாட்டும் வேலை தூளை வெளியேற்றுவது. எலும்பு நுழைவதற்காக நாம் உண்டாக்கிய துளைகளிலேயே உருகாத தூளும் ஒளிந்திருக்கும். அதில் ஒரு சிட்டிகை தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உதிர்வதை நினைத்துப் பாருங்கள். காற்றால் ஊதி, அதிர வைத்து, மீயொலித் தொட்டியில் பலமுறை கழுவி, கழுவிய நீரை வடிகட்டி எடைபோட்டு, தேவையானால் தொழிற்சாலை சி.டி. ஸ்கேனில் உள்ளே பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணுக்குப் பளிச்சென்று இருந்த ஒரு தொகுதியைச் சுத்தம் என்று நினைத்து ஒதுக்கினேன். வடிதாளில் சாம்பல் நிறப் படிவு விழுந்தது. அந்தத் தொகுதி முழுவதும் மறுபடி தொட்டிக்குப் போனது. கண்ணை நம்பக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கழுவித் தூளை எடுக்க வழியில்லாத வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் மாணவர்களிடம் இன்றும் முதலில் கேட்பது, ‘இதற்குள் இருக்கும் தூள் எந்த வழியாக வெளியே வரும்?’

மிச்சத் தூளைத் திரும்பப் பயன்படுத்துவதிலும் கணக்கு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் டைட்டானியம் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சும். இம்ப்ளான்டுக்கான உயர்தரக் கலவையில் ஆக்சிஜன் 0.13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். எத்தனையாவது சுற்றுத் தூள், எந்தத் தொகுதி என்பதற்கு ஒவ்வொரு கேஜுக்கும் பதிவு இருக்க வேண்டும்.

இவ்வளவு துளை போட்டால் உடைந்துவிடாதா?

உடையாது என்பதை நிரூபித்தால்தான் விற்க அனுமதி. ஏ.எஸ்.டி.எம். என்னும் தரநிலை அமைப்பின் எஃப்2077 தரநிலையின்படி கேஜை 50 லட்சம் முறை அழுத்தி அழுத்தி விடுவார்கள். விநாடிக்கு 5 முறை என்று ஓட்டினாலும் பதினொன்றரை நாட்கள் இரவும் பகலும் இயந்திரம் ஓடும். எஃப்2267 என்ற இன்னொரு சோதனை, எலும்பைப் போன்ற நுரையில் கேஜ் எவ்வளவு புதைகிறது என்று அளக்கிறது. நசுக்கல், சறுக்கல், முறுக்கல், தட்டி இறக்கும்போது படும் அடி எல்லாம் தனித்தனியே பார்க்கப்படும்.

கேஜ் வாழ்நாள் முழுவதும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. எலும்பு சேர்ந்துவிட்டால் சுமையை எலும்பு வாங்கிக்கொள்ளும். சேராவிட்டால், எந்த உலோகமும் ஒருநாள் சோர்ந்துபோகும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. இம்ப்ளான்டின் குறிப்பேட்டில் சொன்ன நிபந்தனைகளுக்குள் எடுக்கலாம். மருத்துவமனை தரும் இம்ப்ளான்ட் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஸ்கேன் மையத்தில் முதலிலேயே காட்டுங்கள். கேஜைச் சுற்றிப் படம் கொஞ்சம் சிதையும். துளையுள்ள கேஜில் உலோகம் குறைவு என்பதால், அதே அளவுள்ள கட்டி உலோகத்தைவிடச் சிதைவும் குறைவு.

பீக் இனி வேண்டாமா?

அவசரமாக அப்படிச் சொல்ல மாட்டேன். கட்டி எடுத்த இடத்தை அடிக்கடி ஸ்கேனில் பார்க்க வேண்டிய, கதிர்வீச்சு சிகிச்சை தர வேண்டிய நோயாளிக்கு உலோகம் இல்லாத பொருள் உதவும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக்குகளையும் பிரிண்ட் செய்ய முடிகிறது. பெக் என்னும் வகையில் பிரிண்ட் செய்த முள்ளெலும்பு மாற்று ஒன்றுக்கு எஃப்.டி.ஏ. 2015இல் அனுமதி தந்தது.

பழையதைவிடப் புதியது நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா?

விலங்குச் சோதனைகளில் உண்டு. செம்மறி ஆடுகளின் இடுப்பு முதுகெலும்பில் பீக், டைட்டானியம் பூசிய பீக், 3டி பிரிண்ட் செய்த துளையுள்ள டைட்டானியம் மூன்றையும் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. 16 வாரங்களில், பீக்கைவிடத் துளையுள்ள டைட்டானியத்துக்குள் எலும்பு அதிகமாக வளர்ந்திருந்தது.

மனிதர்களிடம் இதை அளப்பது கடினம். எலும்பு சேர்ந்ததா என்று ஸ்கேனில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உலோகம் இருக்கும் இடத்தில் அந்தப் படமே தெளிவு குறைந்தது. தவிர, படத்தில் எலும்பு சேர்ந்திருப்பதும் நோயாளிக்கு வலி போவதும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. யாராவது ‘3டி பிரிண்ட் செய்தது, வலி நிச்சயம் போகும்’ என்று வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கை நம்ப வேண்டாம். எலும்பு எளிதாகச் சேர இது நல்ல பரப்பைத் தருகிறது. வலிக்குக் காரணம் அந்த மட்டம்தானா என்பதைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் திறமை. அது தவறினால் எவ்வளவு நல்ல கேஜும் உதவாது.

யார் அனுமதி தருகிறார்கள்?

அமெரிக்காவில், எலும்பு இணைவுக்கான கேஜ்கள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்புக் கருவிகள், அதாவது நடுத்தர ஆபத்துள்ளவை. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்குச் சமமானது என்று காட்டி அனுமதி பெறலாம். 3டி பிரிண்டிங்கில் செய்யும் மருத்துவக் கருவிகளுக்கான தொழில்நுட்ப வழிகாட்டியை எஃப்.டி.ஏ. 2017 டிசம்பரில் வெளியிட்டது. அதற்குள் இப்படிச் செய்த 100க்கும் மேற்பட்ட கருவிகளை அது பரிசீலித்து முடித்திருந்தது. ஒரே நோயாளிக்காகச் செய்யும் தனிக் கருவிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு வகைக்கு ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இன்னும் இறுக்கமானவை: முதுகெலும்பைத் தொடும் இம்ப்ளான்ட்கள் மிக உயர்ந்த ஆபத்து வகுப்பில் வைக்கப்பட்டிருக்கின்றன, திருகாணி, தகடு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. சீனா 2016இல் பிரிண்ட் செய்த செயற்கை முள்ளெலும்புக்கு அனுமதி தந்தது.

எங்கள் கல்லூரியில் 3டி பிரிண்டர் இருக்கிறது. அதில் இம்ப்ளான்ட் செய்யலாமா?

இம்ப்ளான்ட் செய்ய முடியாது. ஆனால் முதுகெலும்பின் மாதிரி செய்யலாம். அது சிறிய உதவி அல்ல. கடினமாக வளைந்த முதுகை மருத்துவர் முந்தின நாளே கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியும். திருகாணியின் பாதையைக் காட்டும் வழிகாட்டிகளை நைலானில் பிரிண்ட் செய்கிறார்கள். அவை உடலைத் தொடுவதால் அவற்றுக்கும் தனி அனுமதியும் கிருமிநீக்கமும் வேண்டும்.

எலும்பு நன்றாகச் சேர நான் என்ன செய்ய வேண்டும்?

புகை பிடிப்பவர் என்றால் நிறுத்துங்கள். நிகோடின் எலும்பு இணைவைக் கெடுக்கிறது. எந்தத் துளையும் அதை ஈடு செய்யாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். எலும்பு மெலிந்திருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள். மெலிந்த எலும்பில் கேஜ் புதையும். எலும்பு சேர 6 முதல் 12 மாதங்கள் வரை ஆகலாம். முதல் வாரங்களில் வலி குறைந்த தைரியத்தில் கனமானதைத் தூக்கிவிடுகிறவர்கள் பலர்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

அறுவை இல்லாமல் இன்னும் முயலக்கூடியது ஏதாவது உண்டா என்பது முதல் கேள்வி. இந்த மட்டம்தான் வலிக்குக் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பது இரண்டாவது. எந்தக் கேஜ், ஏன் அது, எந்த நாட்டில் அனுமதி பெற்றது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் செய்யும் பொருளைப் பற்றியே நான் இப்படிச் சொல்கிறேன்.

பின்னால் எடுக்க வேண்டிவந்தால்?

இதைப் பேச யாரும் விரும்புவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும். கிருமித் தொற்று வந்தாலோ, கேஜ் இடம் மாறி நரம்பை அழுத்தினாலோ எடுக்க நேரிடும். எலும்பு நன்றாக உள்ளே வளர்ந்த பிறகு எடுப்பது கடினம்: எலும்பையும் சேர்த்துச் செதுக்க வேண்டும், பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அருகிலேயே இருக்கும். நாம் விரும்பிய பிடிப்பே அப்போது எதிராக நிற்கும். அதனால் சில நிறுவனங்கள், கருவியால் பிடித்து இழுக்க ஏதுவாகப் பின்பக்கத்தில் கட்டியான திரெட் (திருகு மரை) ஒன்றை விட்டுவைக்கின்றன. உங்கள் கேஜில் அது உண்டா என்று கேட்டு, இம்ப்ளான்ட் அட்டையில் உள்ள மாதிரி எண்ணையும் தொகுதி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதை எடுக்க வேண்டிய மருத்துவர் வேறொருவராக இருப்பார். எந்தக் கருவி பொருந்தும் என்பதை அந்த இரண்டு எண்களைக் கொண்டுதான் அவர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.